புறப்பட மறுக்கும் உழவு யந்திரம்



ஓசூர், கோலார் பக்கத்து மேட்டு நிலங்களில் கேழ்வரகு விதைக்கும் உழவருக்கு வானம் தரும் அவகாசம் மிகக் குறுகியது. ஆடி மாதத்தில் நல்ல மழை ஒன்று பெய்தால், மண் பதமாக இருக்கும் சில நாட்களுக்குள் உழுது விதைத்தாக வேண்டும். பதம் தவறினால் அடுத்த மழைக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அத்தகைய ஒரு விடியற்காலையில் டிராக்டர் புறப்பட மறுத்தால், அதன் சொந்தக்காரர் மட்டும் கலங்குவதில்லை. அந்த டிராக்டரை வாடகைக்கு எதிர்பார்த்திருக்கும் அண்டை நிலத்தாரின் விதைப்பும் நின்று போகிறது.

நான் யந்திர நூல் கற்றவன் அல்லேன். கலைப் பிரிவில் பட்டம் பெற்று, மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளனாகப் பணி புரிபவன். பெங்களூரில் மல்லேஸ்வரத்தில் வசிப்பவன். யந்திரக் கையேடுகள் சிலவற்றைத் தமிழாக்க முற்பட்டபோது ஒன்று புலனாயிற்று. இன்ன கோளாறுக்கு இன்ன காரணம் என்று அவற்றில் நீண்ட பட்டியல் இருக்கிறது. எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்னும் வரிசை பல சமயம் அதில் இருப்பதில்லை. பதற்றத்தோடு நிற்கும் ஓட்டுநருக்கு அந்த வரிசைதான் முதன்மையாக வேண்டும். அதனையே இன்று சொல்ல விழைகிறேன்.

முதலில் யந்திரத்தின் இயல்பை அறிந்துகொள்வோம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். காற்றை அழுத்தினால் அது சூடேறும். இந்த எளிய உண்மையின் மீதே ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் தம் யந்திரத்தை அமைத்து, 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். டிராக்டரின் சிலிண்டருக்குள் புகுந்த காற்று ஏறத்தாழப் பதினாறில் ஒரு பங்கு முதல் இருபதில் ஒரு பங்கு வரை சுருக்கப்படுகிறது. அதன் வெப்பம் 500 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேலே செல்கிறது. அந்தச் சூட்டில் டீசல் எண்ணெய் பனித்துளிபோல் பீச்சப்பட்டவுடன் தானே பற்றிக்கொள்கிறது. பெட்ரோல் யந்திரத்தில் உள்ளதுபோல் தீப்பொறி எழுப்பும் பிளக் இதற்குத் தேவையில்லை. ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றே: யந்திரம் போதிய வேகத்தில் சுழல்கிறதா? எண்ணெய் வருகிறதா? காற்று சூடேறுகிறதா?

முதற் கேள்விக்கு விடை எளிது. கியர் நடுநிலையில் இருக்கட்டும். கிளட்சை முழுதும் மிதியுங்கள். இவ்விரண்டும் சரியாக இல்லாவிடில் ஸ்டார்ட்டரை இயங்கவிடாத காப்பு அமைப்பு பல டிராக்டர்களில் உண்டு. முன்விளக்கை ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு மங்கி அணைவதுபோலானால் பாட்டரி வலுவிழந்திருக்கிறது, அல்லது அதன் முனைகள் தளர்ந்தோ பூத்தோ இருக்கின்றன. வெள்ளையும் பச்சையுமாகப் பூத்த படிவை வெந்நீர் விட்டுத் துடைத்து, முனைகளை இறுக்குங்கள். யந்திரத்தின் உடலோடு சேரும் எர்த் கம்பியையும் மறவாதீர்கள். விளக்கு சிறிதும் மங்காமல் ஓசையும் எழாமல் இருந்தால், குறை சுவிட்சிலோ ஒயரிலோ இருக்கலாம். யந்திரம் மெல்லச் சுழல்வதும் சுழலாததற்குச் சமமே. மெல்ல அழுத்தப்படும் காற்றின் சூடு சிலிண்டரின் சுவரோடு போய்விடும்.

யந்திரம் நன்றாகச் சுழன்றும் புறப்படவில்லையா? ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டுப் புகைக்குழாயைப் பாருங்கள். புகையே வராவிடில் எண்ணெய் சிலிண்டரை எட்டவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். வெண்புகை வந்தால், எண்ணெய் எட்டுகிறது, ஆனால் எரியவில்லை என்பது பொருள். இந்த ஒரு பார்வை உங்கள் தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும்.

புகை இல்லையெனில், யந்திரத்தை நிறுத்தப் பயன்படும் பிடி வெளியே இழுத்தபடியே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விளையாடும் பிள்ளைகள் அதை இழுத்துவிடுவது உண்டு. பிறகு டாங்கில் எண்ணெய் இருக்கிறதா, அடியிலுள்ள குழாய் திறந்திருக்கிறதா, வடிகட்டியின் கிண்ணத்தில் தண்ணீர் தங்கியிருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். தண்ணீர் டீசலைவிடக் கனமானது. ஆதலால் கிண்ணத்தின் அடியில் தனியே நிற்கும்.

டாங்க் ஒருமுறை வற்றியிருந்தாலும், வடிகட்டியை மாற்றியிருந்தாலும் குழாய்களில் காற்று புகுந்துவிடும். எண்ணெய் அழுத்தத்திற்கு இணங்காது. காற்றோ சுருங்கி இடம் கொடுக்கும். ஆகவே பம்பு தள்ளும் விசையெல்லாம் காற்றைச் சுருக்குவதிலேயே வீணாகும். இக்காற்றை வெளியேற்றுவதை ஆங்கில நூல்கள் ‘பிளீடிங்’ என்கின்றன. அகராதியை மட்டும் நம்பினால் ‘இரத்தம் வடித்தல்’ என்று எழுத நேரும்! நம் பட்டறைக்காரர்கள் ‘ஏர் எடுப்பது’ என்று தெளிவாகச் சொல்கிறார்கள். வடிகட்டியின் மேலுள்ள சிறு திருகைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைப்பிடியை அசையுங்கள். நுரையும் குமிழுமாக வரும் எண்ணெய், குமிழின்றித் தெளிவாக வரும் வரை அசைத்துவிட்டுத் திருகை இறுக்குங்கள். அதன் பிறகு பெரிய பம்பின் திருகிலும் இவ்வாறே செய்யுங்கள். அப்போதும் புறப்படாவிடில், பழைய வகை யந்திரமானால், நாசில் பக்கத்து நட்டுகளைச் சிறிது தளர்த்தி யந்திரத்தைச் சுழற்றி, எண்ணெய் வந்தவுடன் இறுக்கலாம். கையும் முகமும் விலகியிருக்கட்டும். ஸ்டார்ட்டரை ஒரு முறைக்குப் பத்து விநாடிக்கு மேல் இயக்காமல் இடையே ஓய்வு கொடுங்கள்.

வெண்புகை வந்தும் யந்திரம் ஓடாவிட்டால் மூன்றாம் கேள்விக்கு வந்துவிட்டோம். கேழ்வரகு அடிக்கும் களத்துத் தூசியால் ஏர் கிளீனர் அடைபட்டிருக்கலாம். அதைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். குளிர்காலமாயின், சூடேற்றும் அமைப்பு இருந்தால் அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். இவையெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லையெனில், பிஸ்டன் வளையங்களோ வால்வுகளோ தேய்ந்து அழுத்தம் குறைந்திருக்கலாம். பம்பின் நேர அமைப்பு பிசகியிருக்கவும் கூடும். அது பட்டறைக்குரிய வேலை.

எவ்விடத்தில் நம் கையை நிறுத்திக்கொள்வது என்பதும் வரிசையின் ஒரு பகுதியே. எண்ணெய் பீச்சும் பம்பை வயலில் திறக்கவே கூடாது. அதனுள் இயங்கும் தண்டுக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்குகளே. தலைமயிரின் பருமன் அதைப்போல் பல மடங்கு. ஒரு தூசி அதைக் கெடுத்துவிடும். இத்தகைய நுட்பமான பம்புகளை நம் நாட்டிலேயே செய்யும் முயற்சி பெங்களூரில்தான் வேரூன்றியது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தின் கூட்டுறவுடன் 1951-இல் தொடங்கிய மைக்கோ, ஆடுகோடியில் தொழிற்சாலை அமைத்தது. 2008-இல் அதன் பெயர் பாஷ் லிமிடெட் என மாறியது. ஃபரீதாபாத்தில் ஐச்சர் நிறுவனம் 1959-இல் உள்நாட்டு டிராக்டரை வெளிக்கொணர்ந்ததும், 1960-இல் சென்னையில் டாஃபே தொடங்கப்பெற்றதும் அடுத்தடுத்து நிகழ்ந்தவை.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். தரையில் நின்றபடி, ஸ்டார்ட்டரின் இரு முனைகளை ஸ்பானரால் இணைத்து யந்திரத்தைக் கிளப்புவது சிலருக்கு வழக்கம். இது காப்பு அமைப்பைத் தாண்டிச் செல்லும் குறுக்கு வழி. கியர் விழுந்திருந்தால், பின்சக்கரத்தின் அருகே நிற்பவர் மீதே டிராக்டர் ஏறிவிடும். அவசரத்திற்காக உயிரைப் பணயம் வைக்கலாகாது.

இரண்டாவது, புது வகை யந்திரங்களைப் பற்றியது. 50 குதிரைசக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புதிய புகை விதிகள் 2023-இல் நடைமுறைக்கு வந்தபின், மின்னணுக் கட்டுப்பாட்டில் எண்ணெய் பீச்சும் யந்திரங்கள் பரவியுள்ளன. அவற்றின் குழாய்களில் அழுத்தம் ஆயிரம் வளிமண்டலத்தையும் மிஞ்சும். கண்ணுக்குத் தெரியாத கசிவும் தோலைத் துளைத்து உட்செல்லும். அவற்றில் நாசில் நட்டுகளைத் தளர்த்தவே கூடாது. அவ்வாறு எண்ணெய் தோலுக்குள் புகுந்தால், காயம் சிறியதாகத் தோன்றினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வேலை முடிந்ததும் மாலையிலேயே டாங்கை நிரப்பி வையுங்கள். வெற்றிடத்தில் இரவுப் பனி நீராகத் தங்குவது குறையும். நான் கூறிய மூன்று கேள்விகளையும் ஒரு தாளில் தமிழில் பெரிதாக எழுதிக் கொட்டகைச் சுவரில் ஒட்டி வைத்தால், மழை பெய்த மறுநாள் விடியலில் டிராக்டர் ஓட்டும் இளைஞருக்கு அது உதவும். பட்டறைக்காரரை அழைக்க வேண்டி வந்தாலும், “ஓடவில்லை” என்று மட்டும் சொல்லாமல், “நன்றாகச் சுழல்கிறது, புகை இல்லை, ஏர் எடுத்துப் பார்த்தோம்” என்று அவர் சொல்ல முடியும். பட்டறைக்காரரும் அதற்குத் தக்க கருவிகளோடு புறப்பட்டு வருவார். விதைப்பு நாள் ஒன்று மிஞ்சும்.