லிவா மணலில் நான்கு வண்டிகள்

அபுதாபியிலிருந்து விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினால், வெயில் ஏறுவதற்குள் லிவா போய்விடலாம். தெற்கே இரண்டரை மணி நேரப் பயணம். பாதி வழிக்கு மேல் தார்ச்சாலையும் மின்கம்பிகளும்தான். அப்புறம் சட்டென்று பேரீச்சந்தோப்புகள் வந்துவிடும். பிறை நிலா போல வளைந்து, ஏறக்குறைய 100 கிலோமீட்டருக்கு நீளும் பசுமை அது. மணலுக்கு அடியில் கிணறு தோண்டினால் எட்டுகிற ஆழத்தில் தண்ணீர் இருந்ததால் பிறந்த ஊர்கள் இவை. இன்று அபுதாபியை ஆளும் குடும்பத்துக்கும் இதுதான் பூர்வீகம்.

தோப்புகளுக்குத் தெற்கே ருபல் காலி. சவூதி, ஓமன், ஏமன், அமீரகம் என்று நான்கு நாடுகளிலும் பரந்து கிடக்கும் மணல். சுமார் 6,50,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டை ஐந்து முறை அதற்குள் வைக்கலாம்.

நாங்கள் எட்டுப் பேர், நான்கு வண்டிகள். ஒற்றை வண்டியில் இந்த மணலுக்குள் போகவே கூடாது. எவ்வளவு பழகியவராக இருந்தாலும் இதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை.

தார்ச்சாலை முடிகிற இடத்தில் முதல் வேலை, டயரில் காற்றை இறக்குவது. 35 psiஇல் இருக்கும் காற்றழுத்தத்தை 15க்குக் கொண்டுவர வேண்டும். நான்கு வண்டியிலிருந்தும் ‘உஸ்ஸ்’ என்று காற்று போகிற சத்தம் அந்த அமைதியில் வெகு தூரம் கேட்கும். காற்றுக் குறைந்த டயர் தரையில் நீளமாகப் படியும். வண்டியின் எடை பரவிவிடும், மணல் தாங்கும். ஒட்டகத்தின் பாதம் அகன்று பதிவதும் இதே கணக்குதான்.

மணல்மேட்டுக்கு இரண்டு முகங்கள் உண்டு, நேயர்களே. காற்று வந்து மோதுகிற முகம் சாய்வாக, இறுகிப்போய் இருக்கும். மறுமுகம் செங்குத்தாக, பொலபொலவென்று உதிரும். ஏறும்போது வேகம் குறையக் கூடாது. உச்சியில் வேகம் இருக்கவே கூடாது. இறங்கும்போது நேராக இறங்க வேண்டும். பக்கவாட்டில் திருப்பினால் வண்டி உருண்டுவிடும். உச்சி வெயிலில் இன்னோர் ஆபத்து: நிழல் இருக்காது. எங்கே மேடு முடிகிறது, எங்கே பள்ளம் தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் ஒரே தாளாகிவிடும். காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயில் ஒவ்வொரு விளிம்பையும் கோடு போட்டுக் காட்டும். அதனால் பகல் பொழுதை நாங்கள் தோப்பு நிழலில்தான் கழிப்போம்.

அன்று காலை மூன்றாவது வண்டி புதைந்தது. ஓட்டிய தம்பிக்கு அதுதான் முதல் பயணம். பயத்தில் ஆக்சிலேட்டரை அழுத்திவிட்டான்; சக்கரம் தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டது. “காலை எடுப்பா, எடுத்துரு” என்று ஒருவர் கத்திக்கொண்டே ஓடினார். மண்வெட்டியால் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மணலை அள்ளினோம். காற்றை இன்னும் கொஞ்சம் இறக்கினோம். வந்த தடத்திலேயே பின்னால் எடுக்கச் சொல்லி, நாலு பேர் முன்னால் நின்று தள்ளினோம். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அத்தனை நேரமும் முன்னால் போன வண்டி மேட்டின் மேல் கொடியோடு காத்து நின்றது. 1940களில் இந்தப் பாலையை ஒட்டகத்தில் கடந்த வில்ஃபிரெட் தெசிஜர், தன்னோடு வந்த பெது நாடோடித் தோழர்களின் துணையைத்தான் தன் நூலில் நெகிழ்ந்து எழுதினார். அந்த முக்கால் மணி நேரத்தில் அவரை நான் நினைத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் சாலையோரம் ஒரு மரம். இங்கே ‘காஃப்’ என்பார்கள். அமீரகத்தின் தேசிய மரம். சிறு இலை, வளைந்த கிளை, மிக ஆழத்துக்கு இறங்கும் வேர். கிட்டப் போய்ப் பார்த்தால் நம்முடைய வன்னி! விருத்தாசலம் கோயிலில் தலவிருட்சமாக நிற்கிற அதே வன்னி. எங்களில் கடலூர்க்காரர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு, மரத்தைத் தொட்டுக் கும்பிட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கு முன், மாலையில், மொரீப் மேட்டின் அடியில் நின்றிருந்தோம். சுமார் 300 மீட்டர் உயரம். அச்சமூட்டுவது என்பதுதான் பெயரின் பொருளே. வெயில் இறங்க இறங்க, மஞ்சள் மணல் செம்பு நிறமாகி, பிறகு செங்கல் நிறமானது. மணலைப் போர்த்திய இரும்புத் துரு தரும் சிவப்பு அது. விளிம்பிலிருந்து மணல் புகைபோல் பறந்துகொண்டிருந்தது.

இருட்டியதும் தார்ச்சாலையோரம் வண்டிகளை நிறுத்தினோம். பதினாறு டயர்களுக்கும் மறுபடி காற்று ஏற்ற வேண்டும். இருந்ததோ இரண்டு கம்ப்ரஸர். பிளாஸ்க்கில் மிச்சமிருந்த டீயை ஆளுக்கு அரை கிளாஸ் ஊற்றிக்கொண்டு, சூடு இன்னும் ஆறாத மணலில் உட்கார்ந்தோம். அந்தத் தம்பியின் வண்டிக்குத்தான் முதலில் காற்று பிடித்தோம்.