முதுமையும் உணவும்



கல்வியின் பயன் குறித்துப் பேசுமாறு நம்மைப் பணித்துள்ளார்கள். எழுத்தறிவோடு கல்வி முடிந்துவிடுவதில்லை. தம் உடலைத் தாம் அறிதலும் கல்வியே. ஆகையால், நம் வீடுகளில் எவரும் வாய்விட்டுப் பேசாத ஒரு நோயைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறோம்.

ஆடவரின் சிறுநீர்ப்பைக்குக் கீழே புராஸ்டேட் என்னும் சுரப்பி உள்ளது. ஐம்பது வயதுக்கு மேல் அது பலருக்கும் பருக்கிறது. அப்பருமன் புற்றுநோய் அன்று. ஆயினும் சிலருக்கு அச்சுரப்பியிலேயே புற்று தோன்றுகிறது. முதுமையும், தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ அந்நோய் இருந்தமையும் அதற்குரிய முதன்மைக் காரணங்கள். அவற்றை மாற்ற இயலாது.

உணவால் தடுக்கலாமா? 2001ஆம் ஆண்டு தொடங்கி அமெரிக்கா முதலிய இடங்களில் 35,000க்கும் மேற்பட்ட ஆடவரைக் கொண்டு செலினியம், வைட்டமின் ஈ மாத்திரைகளைச் சோதித்தனர். பயன் காணாமல் 2008இல் நிறுத்தினர். வைட்டமின் ஈ மட்டும் உண்டவரிடம் இந்நோய் 17 விழுக்காடு மிகுந்திருந்ததாக 2011இல் அறிவித்தனர். எனவே கூலிப் பணத்தைச் சத்து மாத்திரைகளில் கரைக்க வேண்டா. தக்காளி காக்கும் என்பதும் ஐயமற நிறுவப்படவில்லை.

உடற்பருமன் மிக்கவர்க்கு இந்நோய் முற்றிய நிலையில் காணப்படுவது மிகுதி என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே கேழ்வரகுக் களியும், கல்வராயன் மலைச் சாமையும், கீரையும், பருப்பும் அளவோடு உண்டு, எண்ணெய்ப் பண்டங்களையும் சர்க்கரையையும் குறைத்து, நாளும் நடப்பது நன்று. அது நெஞ்சுக்கும் நலம்.

நம் உணவைப் பழிப்போர் மாட்டிறைச்சியே நோய்க்கு வித்து என்பர். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் செவ்விறைச்சியைப் பற்றி எச்சரித்தது உண்மையே. அது பெரும்பாலும் பெருங்குடல் புற்றைக் கருதியது. புராஸ்டேட்டைப் பொறுத்தவரை சான்று வலுவானதன்று. மேலும், அவ்வெச்சரிக்கை ஆட்டையும் மாட்டையும் ஒன்றாகவே வைத்தது. எவ்விறைச்சியாயினும் அளவு வேண்டும். அதில் இழிவும் இல்லை, உயர்வும் இல்லை.

நம் தெருவில் பெரியவர் ஒருவர் சிறுநீர்த் தடையை ஈராண்டுகள் மறைத்து வைத்திருந்தார். முதுகுவலி என்று மருத்துவமனை சென்றபோது நோய் எலும்பைப் பற்றியிருந்தது. அவரைக் கொன்றது உணவன்று. வெட்கமும், பெரிய மருத்துவமனையில் நம்மை மதிப்பார்களோ என்ற அச்சமுமே.

இரவில் பலமுறை எழுதல், சிறுநீர் தடைப்படல், அதில் இரத்தம் கலத்தல் ஆகியவை தோன்றினால் காலந்தாழ்த்தலாகாது. தொடக்கத்தில் அறிகுறியே இல்லாமலும் இருக்கலாம். ஆதலால் ஐம்பது கடந்தோர், குறிப்பாகக் குடும்பத்தில் இந்நோய் இருந்தவர், பி.எஸ்.ஏ. இரத்தச் சோதனை பற்றி மருத்துவரைக் கேட்க வேண்டும். அவ்வளவு கூடியிருப்பதாலேயே புற்று என்று அஞ்சவும் வேண்டா. சின்னசேலத்திற்கு அண்மையில், 2022இல் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் நிறுவிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை சென்னையில் இருக்கிறது.

இளைஞர்களே! படித்த நீங்கள் தந்தையிடமும் பாட்டனாரிடமும் கூச்சமின்றிக் கேளுங்கள். உடன் சென்று சீட்டு வாங்குங்கள். மருத்துவர் சொல்வதை விளக்குங்கள். நாம் பெற்ற கல்விக்கு அதுவே கைம்மாறு.