கோழியாளத்துக்காரர் எழுதிய வெளிநாட்டுச் செய்தி

(மாமல்லபுரத்தில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நாளிதழில் பல வருடம் வெளிநாட்டு விவகாரம் எழுதியவன் என்பதால் உலக அரசியல் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். உக்ரைன், காசா என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். நான் பேசப் போவது இதே மாவட்டத்தில், மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த ஒரு பத்திரிகை ஆசிரியரைப் பற்றி. லண்டனில் நடப்பதைச் சேரியின் கண்ணால் பார்த்து எழுதியவர், இரட்டைமலை சீனிவாசன்.

அவரை நாம் தலைவராகத்தான் கொண்டாடுகிறோம். ஜூலை 7 அன்று சிலைக்கு மாலை போடுகிறோம், வட்டமேசை மாநாட்டுப் படத்தைப் பகிர்கிறோம். ஆனால் அதற்கெல்லாம் முன்பே ஏழு வருடம் அவர் பத்திரிகை நடத்தியவர். அந்த வேலையைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

1893 அக்டோபரில் சென்னையில் ‘பறையன்’ வந்தது. நான்கு பக்க மாத இதழ், விலை இரண்டணா. இரண்டே நாளில் 400 பிரதிகள் விற்றதாக 1939இல் வெளியிட்ட சுயசரிதையில் சொல்கிறார். மூன்று மாதத்தில் அது வார இதழாகிவிட்டது. பிறகு சொந்த அச்சுக்கூடமும் வந்தது. இதழில் வந்த ஒரு கடிதத்துக்காக 1896இல் வழக்குப் போட்டார்கள். ஆசிரியர் என்ற முறையில் நீதிமன்றத்தில் போய் நின்றார், 100 ரூபாய் அபராதம்.

அந்தப் பெயரைக் கவனியுங்கள். கோயமுத்தூரில் படித்த காலத்தில், சாதி தெரிந்துவிடுமே என்று மற்றப் பையன்களோடு பழகாமல் ஒதுங்கி நின்றவர் அவர். அதே ஆள்தான் பத்திரிகையின் நெற்றியில் அந்தப் பெயரை எழுதி ஒட்டினார். அவருடைய மைத்துனர் அயோத்திதாசப் பண்டிதருக்கு அந்தப் பெயரில் உடன்பாடு கிடையாது. அவர் 1907இல் தொடங்கிய பத்திரிகைக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயர் வைத்தார். யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஒளிந்துகொண்டு உரிமை கேட்க முடியாது என்பது சீனிவாசனின் கட்சி.

இப்போது லண்டனுக்கு வருகிறேன். ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டும் நடத்தாமல் இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்று 1893 ஜூனில் பிரிட்டிஷ் மக்களவை ஒரு தீர்மானம் போட்டது. காங்கிரஸ் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த கோரிக்கை அது. சீனிவாசன் எதிர்த்தார். அந்த டிசம்பரில் சென்னையில் கூட்டம் போட்டு, 3,412 பேர் கையொப்பமிட்ட 112 அடி நீள மனு ஒன்றை லண்டனுக்கு அனுப்பினார். நாடாளுமன்ற உறுப்பினர் ஜெனரல் செஸ்னி வழியாக அது போனது. பத்திரிகை தொடங்கி மூன்று மாதம்கூட முழுதாக ஆகவில்லை.

இதை வைத்துத்தான் இன்றும் சிலர் அவரை வெள்ளைக்காரன் பக்கம் நின்றவர் என்கிறார்கள். அவர்கள் செங்கல்பட்டு மாவட்டத்தின் கதையையும் கொஞ்சம் படிக்க வேண்டும். இங்கே கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். தரிசு கேட்டு ஒருவன் தர்காஸ்து மனு போட்டால், எனக்குத்தான் முதல் உரிமை என்று மிராசுதார் குறுக்கே வந்து நிற்பார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை. மனுவை விசாரிக்கும் கணக்குப்பிள்ளையும் மேல் உத்தியோகஸ்தரும் மிராசுதாரின் உறவுமுறையாகவோ அதே அடுக்கைச் சேர்ந்தவர்களாகவோ இருப்பார்கள். அந்த அறிக்கைக்குப் பிறகுதான் 1892 செப்டம்பர் 30 அரசாணை, நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது, வந்தது. நமக்கு நிலம் கொடுக்கச் சொல்லி எழுதிய கலெக்டரின் நாற்காலியில், பரீட்சை எழுதி மிராசுதார் மகன் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? சீனிவாசனின் கேள்வி அதுதான். ஒரு வெளிநாட்டுத் தீர்மானத்தை எடுத்து, சேரியில் அது என்ன செய்யும் என்று பார்த்தார். வெளிநாட்டு விவகாரம் எழுதுகிறவனுக்கு இதைவிட வேறு என்ன வேலை இருக்கிறது?

பேரரசின் நல்ல மனத்தை அவர் கொஞ்சம் கூடுதலாகவே நம்பினார் என்பது என் அபிப்பிராயம். அந்த அரசுதான் மிராசு முறையைக் கட்டிக் காத்ததும். ஆனால் உள்ளூர்க் கதவெல்லாம் சாத்தியிருக்கும்போது எந்தக் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறதோ அதைத்தானே தட்ட முடியும்.

1900இல் லண்டன் போகக் கப்பல் ஏறியவர் தென்னாப்பிரிக்காவில் இறங்கி, மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். காந்திக்குத் தமிழில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான் என்ற கதை எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். திரும்பி வந்து 1923இல் சென்னைச் சட்டமன்றத்துக்குப் போனார். பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லாருக்கும் பொது என்ற 1924ஆம் ஆண்டுத் தீர்மானம் அவருடையது.

1930இல் வட்டமேசை. மன்னரிடம் தீண்டாமையை விளக்கியதைத்தான் நாம் மேடையில் சொல்லிச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறோம். எனக்கு அதைவிட, அம்பேத்கரும் அவரும் சேர்ந்து கையெழுத்திட்டுக் கொடுத்த மனு பெரிது. அதில் ஊர்விலக்கத்தைக் குற்றமாக்க வேண்டும் என்று ஒரு பகுதி. அந்தச் சட்ட வாசகம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1922ஆம் ஆண்டுப் பர்மா பகிஷ்காரத் தடைச் சட்டத்திலிருந்து, சில மாற்றங்களோடு. பர்மாவில் வேறு காரணத்துக்காக வந்த சட்டம் அது. அதை எடுத்து, கூலி கேட்டதற்காகக் கடையில் அரிசி மறுக்கப்படும் சேரிக்காரனுக்குக் கவசமாக்கினார்கள்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். 1996இல் வாஷிங்டன் போஸ்ட் நிருபர் கென்னத் கூப்பர், அவர் கறுப்பினத்தவர், டெல்லியில் மூத்த பத்திரிகையாளர் பி.என். உனியாலிடம் ஒரு தலித் பத்திரிகையாளரைக் காட்டச் சொன்னார். உனியால் அரசு அங்கீகாரம் பெற்ற 686 பேர் பட்டியலை எடுத்தார். 454 பேருக்குப் பெயரிலேயே சாதி இருந்தது. மீதியில் 47 பேரிடம் விசாரித்தார். ஒருவர்கூட இல்லை. ‘பறையன்’ வந்து நூறு வருடம் தாண்டிய பிறகு! 2019இல் ஆக்ஸ்பாம் ஆய்வு, செய்தி நிறுவனங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106இல் உயர்சாதியினர், தலித்தும் பழங்குடியும் பூஜ்யம் என்றது.

நான் எப்படி வெளிநாட்டுப் பக்கத்துக்குப் போனேன் என்றும் சொல்லிவிடுகிறேன். பத்திரிகையின் பெயர் வேண்டாம். 1994 மே மாதம் மண்டேலா பதவியேற்றபோது அரைப் பக்கம் எழுதினேன். முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். அதே வருடம் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க நம் மக்கள் இறங்கினார்கள். அக்டோபர் 10, செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். அன்றிரவு நான் ருவாண்டா அகதி முகாம் செய்தியை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். “காலையில செங்கல்பட்டு போறேன் சார், எங்க மாவட்டம்” என்றேன். “நீங்க அந்தச் சமூகம்ப்பா, ஒருசார்பா இருக்கும். நீங்க ஆப்பிரிக்காவப் பாருங்க, நல்லா எழுதுறீங்க” என்று பதில் வந்தது. அதைச் சொன்னவருக்கு மிராசு வழியில் நிலம் இருந்தது. அவர் எழுதினால் நடுநிலை.

2019 அக்டோபர் 11 அன்று மோடியும் ஷி ஜின்பிங்கும் இந்த ஊருக்கு வந்தார்கள். செங்கல்பட்டில் சுட்டு இருபத்தைந்து வருடமும் ஒரு நாளும் ஆகியிருந்தது. அர்ச்சுனன் தபசு, ஐந்து ரதம், கடற்கரைக் கோயில் என்று உலகக் கேமராக்கள் எல்லாம் இங்கே. பல்லவர்-சீன உறவு பற்றி நான் படித்த கட்டுரைகளுக்குக் கணக்கே இல்லை. காரணை இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதைப் பற்றி ஒரு வரி என் கண்ணில் படவில்லை.

‘பறையன்’ இதழ்களின் முழுத் தொகுப்பு நம் கையில் இல்லை. சுதேசிப் பத்திரிகைகளில் வந்ததை அரசு சுருக்கி மொழிபெயர்த்து வைத்த அறிக்கைகளில் தேடித்தான் ஆராய்ச்சியாளர்கள் அதைப் படிக்கிறார்கள். நம்மைக் கண்காணித்தவன் வைத்த குறிப்பிலிருந்து நம் பத்திரிகையைப் படிக்க வேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒரு வேலை. பின்னால் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். உங்கள் ஊர் ‘அ’ பதிவேட்டில் பஞ்சமி நிலம் என்று இருக்கும் சர்வே எண், இன்று அது யார் கையில் இருக்கிறது, இந்த இரண்டையும் தெரிந்தவரை எழுதிவிட்டுப் போங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊர்க்காரர்கள் முதலில் எழுதுங்கள். ஒவ்வொரு ஊராகப் போய்ப் பார்த்து எழுதப் போகிறேன், இந்த முறை யாரிடமும் அனுமதி கேட்கப் போவதில்லை.