வாங்குவோன் கையில் உள்ள ஆயுதம்

(கல்முனையில் வணிகரும் வேளாண்மைக்காரரும் அலுவலரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)

    

"நம் கடைகளில் வாங்கமாட்டோம் என்று சிலர் கட்சி கட்டுகின்றனர், நாமும் அவர்கள் கடைகளில் வாங்காதிருந்தால் என்ன?" இந்தக் கேள்வி நமது கடைத்தெருவில் நெடுநாளாய் ஒலித்துக்கொண்டிருக்கின்றது. இளைஞர் சினத்தோடு கேட்கின்றனர். முதியோர் வருத்தத்தோடு கேட்கின்றனர். கேள்வியில் நியாயம் உண்டு. ஆயின், எடுக்கப்போவது ஆயுதம் என்றால், அது எப்பக்கம் வெட்டும் என்பதை எடுக்குமுன் அறிதல் வேண்டும். ஆதலின் வாங்குவதும் வாங்காமையும் உலகில் எங்கெங்கே, யாரால், எப்பயன் கருதிக் கையாளப்பட்டன என்பதைச் சிறிது ஆராய்ந்து, பின்னர் நம் ஊருக்கு வருவோம்.

துவக்கும் கோப்பியும்

துவக்கு என்பது நம் வேளாண்மைக்காரருக்குப் புதியதன்று. பன்றியையும் யானையையும் விரட்டி வயலைக் காப்பதற்கு, 1916 ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்று, அதனை ஆண்டுதோறும் புதுப்பித்து வைத்திருப்போர் நம்மிடையே உளர். நமக்கு அது காவற்கருவி. அமெரிக்காவிலோ துவக்கு வைத்திருத்தல் 1791 இல் அரசியலமைப்பிற் சேர்க்கப்பட்ட இரண்டாம் திருத்தத்தின் வழிவந்த உரிமை. அதனை ஓர் அரசியற் கொடியாகவே ஏந்துவோர் அங்கே பல்லாயிரவர்.

ஸ்டார்பக்ஸ் என்னும் பெரிய கோப்பிக் கடை நிறுவனம், அந்தந்த மாநிலச் சட்டம் அனுமதிப்பின் துவக்கேந்தி வருவோரைத் தடுப்பதில்லை என்றிருந்தது. துவக்கை வெறுப்போர், 2012 பெப்ரவரி 14 ஆம் நாள் முதல் அக்கடைகளைப் பகிஷ்கரிக்குமாறு அழைத்தனர். துவக்குடையோர் என்ன செய்தனர்? ஊர்வலம் போகவில்லை, கூச்சலிடவில்லை. அதே நாளில் அக்கடைகளுக்குச் சென்று கோப்பி வாங்கிப் பருகினர். இரண்டாம் திருத்தத்தைக் குறிக்கும் பொருட்டு இரண்டு டொலர் தாள்களை எடுத்து நீட்டினர். மாலையில் கல்லாப்பெட்டியைத் திறக்கும் கணக்கப்பிள்ளைக்கு எவர் வந்து சென்றனர் என்பதை அத்தாள்களே சொல்லிவிடும். வாங்காமையால் மிரட்டியோர்க்கு வாங்குதலால் விடையளித்தனர்.

இதன் முடிவையும் கேளுங்கள். 2013 ஆகஸ்டில் அவர்கள் மீண்டும் ஒரு 'பாராட்டு நாள்' கொண்டாடினர். அடுத்த மாதமே அந்நிறுவனத்தின் தலைவர் ஹோவர்ட் ஷுல்ட்ஸ் பகிரங்கக் கடிதமொன்று வெளியிட்டார். தம் நிறுவனத்தை ஒரு கட்சியின் கொடியாக்குதல் முறையன்று என்றும், இனிமேல் துவக்கோடு தம் கடைகளுக்கு வரவேண்டாம் என்றும் வாடிக்கையாளரைக் கேட்டுக்கொண்டார். அன்பு மிகுந்து வாங்கியவர்களே அவருக்குச் சுமையாகிவிட்டனர். அவர்களது நோக்கத்தை நாம் ஏற்கவேண்டுவதில்லை. அவர்களது கதையில் உள்ள பாடத்தைக் கொள்வோம். கூடி வாங்குதலும் ஓர் அரசியற் செயலே. ஆயின் கடைக்காரனைப் போர்க்களமாக்கினால் அவன் இரு சாராரையும் வெளியே போகச் சொல்வான்.

குடியானவர் கண்ட வழி

பகிஷ்காரத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'போய்க்கொட்' என்னும் சொல் ஒரு மனிதரின் பெயர். அயர்லாந்தில் மேயோ என்னும் பகுதியில் நிலப்பிரபு ஒருவருக்கு முகவராயிருந்தவர் போய்க்கொட் என்பவர். 1880 இல் விளைச்சல் குன்றியபோது குடியானவர் குத்தகைக் குறைப்புக் கேட்டனர். அவர்கள் வேண்டிய அளவு குறைக்க மறுத்து, அவர்களை நிலத்திலிருந்து வெளியேற்ற முனைந்தார் அவர். ஊரார் அவரைத் தொடவில்லை. அவருக்கு வேலை செய்யவும், பொருள் விற்கவும், கடிதம் கொண்டு கொடுக்கவும் மறுத்தனர். வயலில் நின்ற விளைவை எடுக்க வேற்றூரிலிருந்து 50 பேரும், அவர்களைக் காக்க ஏறத்தாழ ஆயிரம் படையினரும் வரவேண்டியதாயிற்று. சில நூறு பவுண் பெறுமதியான விளைவை வீடு சேர்க்க அரசு ஆயிரக்கணக்கான பவுண்களைச் செலவிட்டது.

நம் உழவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்த மனிதர் எம்மதத்தினர், எவ்வினத்தினர் என்பதன்று குடியானவர் கேட்ட கேள்வி. குத்தகையைக் குறை, குடிகளை வெளியேற்றாதே. இவ்வளவே. அவர் இணங்கியிருப்பின் அன்றே அது முடிந்திருக்கும். முடிவுக்கு ஒரு வாயில் வைத்திருந்தமையால் அது போராட்டமாயிற்று.

தூத்துக்குடிக் கப்பல்

நமக்கு அண்மையில் உள்ளதோர் எடுத்துக்காட்டு, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடிய கப்பல். 1906 இல் வ. உ. சிதம்பரம்பிள்ளை சுதேசிக் கப்பற் கம்பெனியைப் பதிவுசெய்தார். மூலதனம் 10 இலட்சம் ரூபாய்; பங்கொன்று 25 ரூபாய். அப்பங்குகளுள் 8,000 பங்குகளை, அதாவது 2 இலட்சம் ரூபாய்க்கு, வாங்கியவர் ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்னும் முஸ்லிம் வணிகர். சைவப்பிள்ளையின் கப்பலில் முஸ்லிமின் முதல் மிதந்தது! பங்கு வாங்குதலே அங்கே அரசியலாயிற்று. அக்கப்பலில் பயணச்சீட்டு வாங்குதலும் அரசியலாயிற்று.

எதிர்த்தரப்பு ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பின்னர் இலவசமாக ஏற்றிக்கொள்ளவும், குடை கொடுக்கவும் முன்வந்தது. 1908 இல் சிதம்பரம்பிள்ளை சிறைப்பட்டார். 1911 இல் கம்பெனி கலைந்தது. அதன் கப்பலொன்று அதே எதிரிக் கம்பெனிக்கே விலைபோயிற்று. உணர்ச்சியால் திரண்ட முதலீடு, ஒருவர் தோளிலேயே தங்கியிருந்தமையால் அவரோடு வீழ்ந்தது. நோக்கம் பெரிதாயிருந்தால் மட்டும் போதாது. நட்டத்தைத் தாங்கும் ஏற்பாடும் வேண்டும் என்பதற்கு இதனினும் துயரமான சான்று நாம் அறியோம்.

1961 இன் அஞ்சல் தலை

நம் நாட்டிலேயே மக்கள் வரிசையில் நின்று வாங்கித் தம் எதிர்ப்பைக் காட்டியதுண்டு. 1961 பெப்ரவரியில் தமிழ்மொழி உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. வடக்கிலும் கிழக்கிலும் கச்சேரிகளின்முன் மக்கள் அமர்ந்தனர். அம்பாறை மாவட்டம் மட்டக்களப்பிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டதும் அவ்வாண்டிலேயே. கல்முனைத் தொகுதியினர் அதற்கு முந்திய ஆண்டில் எம். சி. அகமதுவைத் தமிழரசுக் கட்சியின் சார்பிற் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தனர் என்பதையும் இங்கே நினைவுகூர்தல் தகும்.

அவ்வாண்டு ஏப்ரல் 14 ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் செல்வநாயகம் அவர்கள் தமிழரசு அஞ்சல் சேவையைத் தொடக்கிவைத்தார்கள். அஞ்சல் நடத்துதல் அரசின் தனியுரிமை. அதனை அறிந்தே மீறினர். மக்கள் அஞ்சல் தலைகளை விரும்பி வாங்கினர். கடிதம் போகவேண்டும் என்பதற்காகவா? இல்லை. தாம் எத்துணைப்பேர் என்பதை எண்ணிக் காட்டுவதற்காக. ஏழையும் அதில் பங்குகொள்ள முடிந்தது. மூன்றே நாளில், ஏப்ரல் 17 இல், அவசரகாலச் சட்டம் வந்தது, தலைவர்கள் தடுத்துவைக்கப்பட்டனர். சில சதம் பெறுமதியான ஒரு தாளுக்கு அரசு எத்துணை அஞ்சியது என்பதற்கு அதுவே அளவுகோல்.

நம்மீது விழுந்த அடி

இனி நம் கதைக்கு வருவோம். 2013 இல் ஹலால் இலச்சினையை எதிர்த்து இயக்கம் கிளம்பியது. நாட்டின் அமைதி கருதி, உள்நாட்டில் விற்கும் பொருள்களில் அவ்விலச்சினையைக் கைவிட உலமா சபை உடன்பட்டது. அதனோடு நின்றதா? நிற்கவில்லை. அதே மார்ச் மாதத்தில் பெபிலியானையில் முஸ்லிம் ஒருவருக்குரிய துணிக்கடைக் களஞ்சியம் தாக்கப்பட்டது. 2018 பெப்ரவரி 26 இரவு, நம் மாவட்டத்தின் தலைநகராகிய அம்பாறையில், உணவில் மலட்டு மாத்திரை கலந்ததாகப் பழிசுமத்தி உணவகத்தையும் பள்ளிவாசலையும் தாக்கினர். அரச பகுப்பாய்வாளர் ஆராய்ந்தபோது அது வெறும் மாவுக்கட்டி என்று தெரிந்தது. 2019 ஏப்ரல் 21 இன் கொடுஞ்செயலுக்குப் பின்னர், அச்செயலில் எவ்விதத் தொடர்பும் இல்லாத வியாபாரிகளைத் தங்கொட்டுவச் சந்தைக்கு வரவேண்டாம் என்று வென்னப்புவ பிரதேச சபைத் தலைவர் கடிதம் எழுதினார். விடயம் நீதிமன்றம் சென்றது, தடை நிலைக்கவில்லை.

அயர்லாந்தின் குடியானவர் செய்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு யாது? அவர்கள் ஒருவரது செயலைப் பகிஷ்கரித்தனர். இவர்கள் ஒருவரது பிறப்பைப் பகிஷ்கரிக்கின்றனர். செயலை மாற்றலாம், பிறப்பை மாற்றுவதெப்படி? இலச்சினையை விட்டுக்கொடுத்தும் தீராத பகைக்கு எதை விட்டுக்கொடுப்பது? நிபந்தனை இல்லாத பகிஷ்காரம் போராட்டமன்று, அது தண்டனை.

அன்பர்களே! இந்த அளவுகோலை மற்றவர்க்கு மட்டும் வைத்துக்கொள்ளல் நேர்மையாகாது. "தமிழன் கடையில் வாங்காதே", "முஸ்லிம் கடையில் வாங்காதே" என்னும் பேச்சு நம் கரையிலேயே, நம் இரு சாராரிடையேயும், எல்லைப் பிணக்கும் நிருவாகப் பிணக்கும் எழுந்த காலங்களில் எழுந்ததுண்டு. ஒரே மொழி பேசி, ஒரே கடலில் வலை வீசி, ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சும் நாம் அதைச் செய்தாலும் அது தண்டனையே.

பழிக்குப் பழியாகப் பகிஷ்கரித்தால் முதலில் அடிபடுபவர் யார்? நம் களவெட்டியில் குவியும் நெல்லைப் பொலன்னறுவை ஆலைகளும் வாங்குகின்றன. நம் மீன் உள்நாட்டுச் சந்தைகளுக்கு ஏறுகின்றது. மலைநாட்டு மரக்கறி இங்கே இறங்குகின்றது. கதவைச் சாத்தினால், கொழும்பில் மாடிக்கடை வைத்திருப்போர் அன்று. சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் அறுவடைக் கடனோடு நிற்கும் வேளாண்மைக்காரனே முதலில் வீழ்வான்.

செய்யவேண்டியது

அப்படியானால் வாளாவிருப்பதா? அன்று. வாங்காமையை விட்டு வாங்குதலைக் கையில் எடுப்போம்.

முதலாவது, அறுவடைக் காலத்தில் நெல்விலை விழுவதை அனைவரும் அறிவோம். மாதச் சம்பளம் பெறும் ஆசிரியரும், வைத்தியரும், சட்டத்தரணியும், எழுதுவினைஞரும் தத்தம் குடும்பத்துக்கு ஒரு போகத்துக்கு வேண்டிய நெல்லைக் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் களவெட்டியிலேயே நியாய விலைக்கு வாங்குவார்களாக. படித்தவனும் உழுபவனும் சந்திக்கும் இடம் மேடையாக இருப்பதினும் நெற்குவியலாக இருப்பது நன்று. ஆலைக்காரரோடு விலை பேசும்போது உழவனுக்கு அது முதுகெலும்பாகும்.

இரண்டாவது, பெருநாளுக்கும் பொங்கலுக்கும் மருதமுனைத் தறியில் நெய்த சாரமும் சேலையும் வாங்குவோம். ஒரே வாரத்தில், எல்லா ஊரிலும், எல்லாச் சமூகத்தாரும் வாங்கினால் தறி ஓடும் ஓசையே நமது தீர்மானமாகும்.

மூன்றாவது, நமக்கு அயலில் உள்ள சிங்கள உழவன் கொணரும் பொருளையும் தேடி வாங்குவோம். கல்லோயாவின் நீர் அவன் வயலைத் தொட்டே நம் வயலுக்கு வருகின்றது. வெறுப்பவனுக்கு அடிமையாக அன்று. வெறுக்காத பெரும்பான்மையோரை அவனிடமிருந்து பிரித்தெடுப்பதற்காக.

நான்காவது, என்றேனும் பகிஷ்காரம் தவிர்க்கவியலாது போயின், அது ஒரு செயலை நோக்கியதாகுக. கோரிக்கை எழுத்தில் இருக்கட்டும். முடியும் நாளும் எழுத்தில் இருக்கட்டும். நட்டமடைவோர்க்கு ஈடுசெய்யும் நிதியும், எவரும் பார்க்கக்கூடிய கணக்கேடும் இருக்கட்டும். கடைவாயிலில் நின்று ஏழை வாடிக்கையாளரை மறித்தல் ஒருபோதும் ஆகாது. ஒரு கொத்து அரிசிக்கு வந்தவளின் கூடையில் அரசியல் செய்வது வீரமன்று.

கடைசியாக வணிகப் பெருமக்களுக்கு ஒரு சொல். மாவுக்கட்டி மாத்திரையாக்கப்பட்ட நாட்டில் திறந்த சமையற்கட்டும், குறையாத தராசும், எழுதிக் கொடுக்கும் பற்றுச்சீட்டும் வெறும் வியாபார ஒழுக்கமல்ல; அவை நம் சமூகத்தின் காவலரண்கள்.

தேர்தல் வாக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை நம் கைக்கு வருகின்றது; வாங்கும் வாக்கு நாள்தோறும் நம் மடியில் இருக்கின்றது. அதனைப் பகைக்குச் செலவிட்டால் ஒரு நாளில் தீரும். ஒருவரையொருவர் தாங்கச் செலவிட்டால் போகந்தோறும் விளையும். வருகின்ற அறுவடைக்கு இன்னும் நாள் இருக்கின்றது. எத்தனை குடும்பம், எத்தனை மூட்டை என்னும் பட்டியலை இன்றே, இம்மண்டபத்திலேயே எழுதத் தொடங்குவோமாக.