கதவில்லாத அரண்மனை

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் பேருந்தில் சன்னலோரம் இடம் பிடித்தவர்களுக்குச் செஞ்சிக் கோட்டையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாறைகளை யாரோ கொட்டிக் குவித்தது போல, ஒருபுறம் ராஜகிரி, மறுபுறம் கிருஷ்ணகிரி. அந்தியில் பார்த்தால், பேய்ப்படக்காரர்களுக்கு செட் போடும் செலவு மிச்சம் என்றே தோன்றும்.

கதைக்கும் பஞ்சமில்லை. ராஜகிரி அடிவாரத்தில், செட்டிகுளத்துக்குப் பக்கத்தில், கிணறு போல உட்குழிந்த ஒரு பெரும்பாறை இருக்கிறது. மரண தண்டனைக் கைதிகளை அதற்குள் தள்ளிப் பட்டினியில் சாகவிட்டார்களாம். அதே குளக்கரையில்தான், 1714இல் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் பெரும்படையை எதிர்த்து மாண்ட செஞ்சி மன்னன் ராஜா தேசிங்குக்குச் சிதை மூட்டியதாகச் சொல்கிறார்கள். அவனுடைய இளம் மனைவியும் அந்தத் தீயில் இறங்கினாள். ராணிப்பேட்டை என்ற பெயரே அவள் நினைவாக வந்ததென்பார்கள்.

கிணறு, தீ, இளம்பெண், பாழடைந்த அரண்மனை. இதில் பாதி கிடைத்தாலே நம் சினிமாவுக்குப் போதும். 2005இல் வந்த ‘சந்திரமுகி’யில், உயிரோடு எரிக்கப்பட்ட நாட்டியக்காரி பூட்டிய அறையிலிருந்து பழிவாங்க வருகிறாள் என்று வேட்டையபுரமே நடுங்குகிறது. செஞ்சியின் ராணியோ அப்படி யாரையும் மிரட்டிப் பேர் வாங்கவில்லை.

ஏன்?

பேய்வீட்டுக்கு முதலில் வேண்டியது குடித்தனம். ‘சந்திரமுகி’யில் அரண்மனையை விலைக்கு வாங்கிக் குடியேறுகிறார்கள். 2009இல் வந்த ‘யாவரும் நலம்’ அதே பயத்தை அடுக்குமாடி வீட்டுக்குக் கொண்டுவந்தது. ஐரோப்பாவில் இவ்வகைக் கதைக்குப் பிள்ளையார் சுழி போட்டது, ஹோரஸ் வால்போல் 1764இல் வெளியிட்ட ‘ஒட்ரான்டோ கோட்டை’. அதிலும் அடிப்படைத் தகராறு சொத்துரிமைதான். அதற்கு மூன்றாண்டு முன்பே, 1761இல், செஞ்சி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. உரிமை கேட்க வாரிசுமில்லை, குடியேற ஆளுமில்லை. கோட்டையிலுள்ள கல்யாண மகாலில் இன்று சாத்தி வைக்கக் கதவுகூடக் கிடையாது. அடுக்கடுக்கான வளைவுகளுக்குள் காற்று பாட்டுக்கு வந்து போகிறது.

இன்னொன்றும் உண்டு. தேசிங்கைப் பேய்க்கதை தொடுவதற்கு முன்பே கதைப்பாட்டு தூக்கிக்கொண்டது. குதிரை பாராசாரியும், மணக்கோலத்தோடு போருக்கு எழுந்து வந்த முஸ்லிம் நண்பனும் அதில் அவனுக்குத் துணை. 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த படமும் வந்தது. இத்தனை பேர் ஆடிப்பாடி அழுது தீர்த்தபின், அலைந்து திரிய ஆவிக்கு என்ன குறை மிச்சமிருக்கும்?

மாலையில் கோட்டையை மூடிவிடுகிறார்கள். பிறகு உள்ளே குரங்குகளின் ஆட்சிதான். பகலில் தின்பண்டப் பையோடு மலையேறியவர்களைக் கேட்டுப் பாருங்கள், செஞ்சியில் எதற்குப் பயப்பட வேண்டுமென்று சொல்வார்கள்.