பெருங்குடற் புற்றும் அண்டை உறுப்புகளும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



தமிழ் பயிற்றும் யாம் மருத்துவம் பேசப் புகுந்தது ஏன் எனச் சிலர் வியக்கலாம். எம் உறவினர் ஒருவர்க்குப் பெருங்குடலில் தோன்றிய புற்று மூத்திரப்பையைப் பற்றியது. "பரவிவிட்டது" என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே, மருத்துவர் கூற்றை முற்றும் கேளாது அவரை ஊருக்கு அழைத்து வந்தோம். இன்று அவர் இல்லை. அவ்வறியாமை எம்முடையதுமாகலின், பின்னர்க் கற்றதை உரைக்கக் கடமைப்பட்டோம்.

பரவும் வகைகளுள் இரண்டை ஈண்டு நோக்குவோம். ஒன்று, இரத்தத்தின் வழியே சென்று கல்லீரல், நுரையீரல் முதலிய சேய்மை உறுப்புகளில் குடியேறுவது. மற்றொன்று, குடற்சுவரைத் துளைத்து அடுத்துள்ள மூத்திரப்பை, கருப்பை, சிறுகுடல் முதலியவற்றை நேரே பற்றுவது. பின்னையது மட்டுமாயின், சத்திரசிகிச்சையால் முற்றும் களைதல் பலர்க்குக் கூடும்.

அச்சிகிச்சையின் விதி யாதெனின், புற்றையும் அதனோடு ஒட்டிய பகுதியையும் பிரிக்காது ஒரே தொகுதியாக எடுத்தல் வேண்டும் என்பதாம். ஒட்டியது புற்றாலோ வெறும் அழற்சியாலோ என்று கண்ணாலும் கையாலும் துணிதல் அரிது. எடுத்துச் சோதித்தவற்றுள் ஏறத்தாழப் பாதியில் புற்றே இருந்ததென்பர். கோரையைக் களைவோன் கிழங்கை மண்ணோடு பெயர்த்தெடுக்கின்றான். கிழங்கு அறுந்து நின்றால் மீண்டும் முளைக்குமன்றோ? இதுவும் அத்தகையதே.

நியூயார்க் நகரத்து அலெக்சாண்டர் பிரன்ஷ்விக் என்பார், இடுப்பறை உறுப்புகளை ஒருங்கே அகற்றும் பெருஞ்சிகிச்சையை 1948இல் வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்டவை பெரும்பாலும் கருப்பைவாய்ப் புற்றுகளே. 22 பேருள் ஐவர் அச்சிகிச்சையாலேயே மாண்டனர். எனினும் வழி திறந்தது. 1950இல் யூஜீன் பிரிக்கர் என்பார், சிறுகுடலின் ஒரு துண்டைக் கொண்டு மூத்திரம் வெளியேறப் புதுவழி அமைக்கும் முறையை வெளியிட்டார். மலக்குடற் புற்றுக்கும் இவ்வழி பயன்பட்டது. இக்காலத்தே எம்.ஆர்.ஐ. படத்தால் புற்றின் எல்லையை முன்னறிந்து, மலக்குடலிலாயின் கதிர்வீச்சாலும் மருந்தாலும் அதனைச் சுருக்கி, பல துறை மருத்துவர் கூடிச் செய்கின்றனர். மரணம் பெரிதும் குறைந்துள்ளது.

இஃது எளிய காரியமென்று யாம் கூறவில்லை. பின்விளைவுகள் பல; சிலர் வயிற்றின்மேல் பை அணிந்தே வாழ்தல் வேண்டும்; உடல் தாங்காதார்க்கு இது பொருந்தாது. ஆயினும், வெட்டிய விளிம்பில் புற்றணு எஞ்சாதாருள் ஐந்தாண்டும் அதற்கு மேலும் வாழ்வோர் பலர்.

ஆகலின், "பரவிற்று" என்று கேட்டால் எழுந்து வந்துவிடாதீர். எங்கே பரவிற்று? முற்றும் எடுத்தல் கூடுமா? இதனைப் பலகாற் செய்து பயின்ற மருத்துவர் எங்குளர்? இம்மூன்றையும் வினவுமின். மலத்தில் குருதி காணின் மூலம் என்று தாமே முடிவு செய்து, நாணத்தால் மறைத்தலும் ஒழிக. எம் இல்லத்தில் கேளாது விட்ட வினாக்கள் உங்கள் இல்லங்களிற் கேட்கப்படுமாயின், அதுவே இவ்வுரையின் பயனாகும்.