திரை சொல்லும் எண்ணெய்க் கணக்கு



பெஸ்தாரி ஜெயா பக்கம் தோட்டச் சாலையில் ஹைபிரிட் கார் மெதுவாக ஊர்ந்தால், இன்ஜின் நின்று மின்மோட்டார் மட்டும் ஓடும். அந்த நொடியில் எண்ணெய்ச் செலவு பூஜ்யம் என்று காரின் திரை காட்டும். அது இலவச ஓட்டம் அல்ல. வீட்டில் சார்ஜ் செய்யாத ஹைபிரிட்டில், பேட்டரிக்குள் இருக்கும் மின்சாரமும் பெட்ரோலில் பிறந்ததுதான். பிரேக் போடும்போது அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கிறது, அவ்வளவே.

எனவே சராசரி அளவையே பாருங்கள். 100 கிலோமீட்டருக்கு 5 லிட்டர் என்றால், லிட்டருக்கு 20 கிலோமீட்டர். 4 லிட்டர் என்றால் 25.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடிய கார் 12.5 ஓடினால், 100 கிலோமீட்டருக்கு 2 லிட்டர் மிச்சம். 20 ஓடியது 25 ஆனால் மிச்சம் 1 லிட்டர்தான். எண் பெரிதாக ஏறினாலும் பணம் அப்படி மிஞ்சாது.

ஈஜோக்கில் ஏறி லத்தார் நெடுஞ்சாலையில் விரட்டினால், காற்றின் எதிர்ப்பு கூடி இன்ஜின் ஓய்வின்றி உழைக்கும். கோலாலம்பூர் நெரிசலில்தான் ஹைபிரிட் தன் திறமையைக் காட்டும்.

திரையின் கணக்கைச் சரிபார்க்க வேண்டுமா? டாங்கை நிரப்பி, பயண மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அடுத்த முறை நிரப்பும்போது, ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். இப்படி நாலைந்து முறை பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.